நான் வெட்டிய பதினோராம் அத்தியாயம்

ஜூன் 3, செவ்வாய்

இன்று ஆறு பிளவுஸ்கள். ஒரு பட்டுச் சட்டைக்குப் பொத்தான் ஒன்று. அந்த ஒன்றைத் தைத்துவிட்டு மற்றப் பொத்தான்களையும் ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்தேன். தையல் கடை முதலாளி விஜயா அன்ரி வாடிக்கையாளரிடம் சொல்லிச் சிரித்தார்: "ஒரு பட்டன் தைக்கக் கொடுத்தா எல்லா பட்டனையும் பிடிச்சு விசாரிப்பா இவ. போலீஸ் மாதிரி." அந்தப் பெண்ணும் சிரித்தாள். நான் குனிந்துகொண்டேன்.

வீட்டுக்கு வந்தால் இன்னொரு செய்தி. பெரியம்மாவின் மகள் தாட்சா அக்கா எழுதிய ஆங்கில நாவலைத் தமிழாக்கி ஞாயிற்றுக்கிழமைகளில் தமிழ் வானொலியில் வாசிக்கப் போகிறார்களாம். வானொலி நடத்தும் முரளிதரன் அங்கிள் கேட்டாராம். அக்கா தமிழ் பேசுவாள், எழுத வராது. ஆகவே, "மிருணா செய்வாள்" என்று சொல்லிவிட்டாளாம்.

என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பெரியம்மாதான் வந்து சொன்னார், ஏதோ எனக்கே பரிசு விழுந்ததுபோல.

"உனக்குத்தான் வடிவாத் தமிழ் வரும். பள்ளிக்கூடம் விட்டாலும் அது உன்னை விடேல்லை."

பத்தாம் வகுப்போடு நின்றவளுக்கு இது பாராட்டா, குத்தலா?

ஜூன் 5, வியாழன்

பரிசு வாங்கிய அந்த நாவல் எங்கள் வீட்டில் சாமி அலுமாரியில் இருக்கிறது. விபூதித் தட்டுக்குப் பக்கத்தில். அட்டையில் படிக்கட்டு, கீழே ஒரு பிணம். பெரியம்மாவுக்கு ஆங்கிலத்தில் கதை வாசிக்க வராது. அட்டையைத் துடைத்துத் துடைத்து வைக்கிறார். நான் தைத்துக் கொடுத்த எதையும் அவர் அலுமாரியில் வைத்ததில்லை. போட்டு, தோய்த்து, போட்டு, கிழித்துவிடுகிறார்.

அக்கா மருந்தாளர் படிப்பை மூன்றாம் வருடத்தில் விட்டுவிட்டு, எழுதப் போகிறேன் என்று சிட்னியிலேயே பரமட்டாவில் ஒரு பிளாட்டுக்குப் போய் மூன்று வருடம். சொல்லாமல் போனாள், கடிதம் வைத்துவிட்டு. ரயிலில் எங்கள் மெரிலேண்ட்ஸிலிருந்து இரண்டாவது நிறுத்தம். அதற்குப் பிறகு தாய்க்கும் மகளுக்கும் பேச்சு இவ்வளவுதான்:

"சாப்பிட்டியா?"

"ஓம் அம்மா."

ஆனால் போனை வைத்த பிறகும் பெரியம்மா அதைக் கையிலேயே வைத்துக்கொண்டு நிற்பார். கோப்பை கழுவுகிறவள் நான். முழங்காலுக்கு எண்ணெய் போடுகிறவள் நான். நினைப்பு மட்டும் பரமட்டாவில்.

ஜூன் 7, சனி

முதல் அத்தியாயம் முடித்தேன். எட்டு ஞாயிறுக்குள் முழுக் கதையும் அடங்க வேண்டும், சுருக்கித் தா என்று அங்கிள் சொல்லியிருக்கிறார். அகராதி, போன், எழுதும் கொப்பி — நான் ஆங்கிலத்தில் மெதுவாக நடக்கிறவள்.

கதை இதுதான். சிட்னி, 1946. உலக யுத்தம் முடிந்துவிட்டது. ஐரீன் என்று ஒரு பெண். யுத்த காலத்தில் இராணுவத்துக்கு லொறி ஓட்டியவள். ஆண்கள் திரும்பி வந்ததும் அவளை வீட்டுக்குப் போ என்று அனுப்பிவிடுகிறார்கள். அவள் வீட்டுக்குப் போகவில்லை. யுத்தத்திலிருந்து திரும்பாதவர்களைத் தேடிக் கொடுக்கும் துப்பறிவாளர் ஆகிறாள். ஒரு வாடகை விடுதியின் படிக்கட்டில் ஒரு சிப்பாய் செத்துக் கிடக்கிறான், வேறு யாருடையதோ மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டு.

நன்றாக இருக்கிறது. அதுதான் பிரச்சினை. மோசமாக இருந்திருந்தால் நிம்மதியாகத் தமிழாக்கியிருப்பேன்.

அக்கா வாழ்க்கையில் தொலைத்தது ஒரு பள்ளிக்கூடப் பையை. அதுவும் மெரிலேண்ட்ஸ் ஸ்டேஷனில், பின்னேரமே கிடைத்துவிட்டது. என் அம்மாவும் அப்பாவும் இலங்கையில் எங்கள் யுத்தத்தின் கடைசி மாதங்களில் காணாமல் போனபோது எனக்கு ஒரு வயது. என்னை மட்டும் யாரோ தூக்கிக்கொண்டு வந்து வவுனியாவில் சேர்த்திருக்கிறார்கள். பதினொரு வயதில் பெரியம்மா இங்கே கூப்பிட்டார். என் அம்மாவுக்கு அவர் அக்கா. ஆக, என்னிடம் உண்மையாக இருப்பதை இவள் கற்பனை செய்து பரிசு வாங்கியிருக்கிறாள்.

ஜூன் 8, ஞாயிறு

காலை பத்து மணி. மூவரும் குசினியில், அடுப்புக்குப் பக்கத்தில் ரேடியோ. பெரியப்பா முதல் பத்து நிமிடத்திலேயே தீர்ப்புச் சொல்லிவிட்டார்: "கொலைகாரன் அந்த டொக்டர். நான் எழுதித் தாறன்."

"வாயை மூடிக்கொண்டு கேளுங்கோ, என்ரை பிள்ளையின்ரை கதை" என்று பெரியம்மா.

அங்கிள் குரலை ஆட்டி ஆட்டி வாசித்தார். கடைசியில்: "எழுதியவர் தாட்சாயினி நித்தியானந்தன்." என் பெயர் சொல்ல வேண்டாம் என்று நான்தான் கேட்டிருந்தேன். அவர் சொல்லவில்லை.

சொல்லியிருக்கலாம்.

ஜூன் 15, ஞாயிறு

இன்றும் சொல்லவில்லை.

ஜூன் 19, வியாழன்

ஒன்று செய்துவிட்டேன்.

நாலாம் அத்தியாயத்தில் ஐரீன் செத்தவனின் மழைக்கோட்டுக் கழுத்தைத் திருப்பிப் பார்க்கிறாள். உள்ளே சலவைக் கடைக்காரர்கள் போடும் சிவப்பு மைக் குறி. அதை வைத்துத்தான் கோட்டு யாருடையது என்று தேடிப் போகிறாள். அக்காவின் புத்தகத்தில் அவளே கண்டுபிடிக்கிறாள். எப்போதும் ஐரீனே கண்டுபிடிக்கிறாள், எப்போதும் ஐரீனே பேசுகிறாள்.

என் கொப்பியில் அந்தக் குறியைக் காட்டிக் கொடுப்பது ஒரு சலவைக் கடைப் பெட்டை. பேசாதவள். ஆவியிலும் சவர்க்காரத்திலும் கை வெளிறிப்போனவள். ஊரில் எவர் சட்டையில் எந்தக் கறை இருந்தது என்று அவளுக்குத் தெரியும், யாரும் கேட்பதில்லை. தாய் தகப்பன் யுத்தத்தில் காணாமல் போனவர்கள். அவளுக்கு நான் பெயர் வைக்கவில்லை.

எழுதிய பக்கத்தைத் திரும்பத் திரும்ப வாசித்தேன். பயமா? இல்லை, சந்தோசம்.

ஜூன் 24, செவ்வாய்

விஜயா அன்ரி கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்: "மிருணா, ரேடியோல உங்க அக்கா கதை கேட்டேன். அந்த லாண்டரி பொண்ணு இருக்கா பாரு, அப்பா! வாயே திறக்காம எல்லாத்தையும் பாத்து வச்சிருக்கா. உங்க அக்காவுக்கு எப்படித்தான் தோணுச்சோ?"

"தெரியேல்லை அன்ரி."

நூல் ஊசியில் ஏறவே இல்லை.

ஜூன் 29, ஞாயிறு

கோயிலிலும் அதே பேச்சு. "இரஞ்சிதம், உங்கட மகள் அந்தத் தோய்க்கிற பெட்டையை என்ன மாதிரி எழுதியிருக்கிறாள்!" பெரியம்மா வாயெல்லாம் பல்லாக நின்றார். நான் பின்னால் செருப்புகளுக்குப் பக்கத்தில் நின்றேன். ஓடிப்போய் "அது நான், அது நான்" என்று கத்த வேண்டும்போல. கத்தினால் அவ்வளவும் போய்விடும்.

நான் உண்டாக்கிய பிள்ளைக்கும் அக்காவின் பெயரே.

ஜூலை 10, வியாழன்

பதினோராம் அத்தியாயம். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் தொடங்கினேன்.

வழக்கை நடுவில் விட்டுவிட்டு ஐரீன் தன் தாயின் வீட்டுக்குப் போகிறாள். தாதிப் படிப்பை விட்டுவிட்டு லொறி ஓட்டப் போனதிலிருந்து தாய் ஒன்றும் கேட்பதில்லை — சாப்பிட்டாயா என்பதைத் தவிர. இரண்டு பக்கத்திலேயே விளங்கிவிட்டது. இது பெரியம்மா. கதிரையில் இருக்கும் விதம், கண்ணாடியைத் தலையில் ஏற்றிவிட்டுத் தேடும் விதம், எல்லாம்.

பரமட்டாவிலிருந்து மெரிலேண்ட்ஸுக்கு வந்து மன்னிப்புக் கேட்க முடியாதவள் 1946க்குப் போய்க் கேட்கிறாள்.

அதற்கு மேல் நான் வாசிக்கவில்லை. புத்தகத்தை மூடினேன். கோபம்தான். அவளுக்கு இப்படி ஒரு அத்தியாயம் எழுதலாம், கேட்பதற்குக் குசினியில் ஒரு அம்மா ரேடியோவோடு இருக்கிறார். நான் எழுதினால் எந்த வீட்டு ரேடியோவில் யார் கேட்பது?

சுருக்கித் தா என்றுதானே அங்கிள் சொன்னார். சுருக்கினேன். பதினொன்று முழுவதையும். அந்த இடத்தில் என் சலவைப் பெட்டையின் அறையை வைத்தேன்: ஒரு கட்டில், ஒரு வாளி, ஆட்களைத் தேடித் தருவீர்களாமே என்று ஐரீனிடம் அவள் கேட்காமலே விட்ட கேள்வி.

நன்றாக வந்திருக்கிறது. இதுவரை எழுதியதிலேயே நல்லது. கடவுளே.

ஜூலை 13, ஞாயிறு

பெரியம்மா சீலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தார். "பாவம் அந்தப் பெட்டை." என்னைப் பார்க்கவில்லை.

பின்னேரம் ஐந்து மணிக்கு அக்கா எனக்குப் போன் எடுத்தாள். வானொலியை அவள் கேட்பதில்லை. தன் கதையைத் தானே கேட்கக் கூச்சமாம், வாசிப்புத் தமிழ் பாதி விளங்காதாம்.

"இண்டைக்குப் பதினொண்டு போச்சா?"

"ஓம்."

"அம்மா கேட்டவவா?"

"ஓம்."

"என்ன சொன்னவ?"

"ஒண்டும் சொல்லேல்லை."

பிறகு "ஓகே" என்றாள், சின்னப் பிள்ளை மாதிரி.

ஜூலை 14, திங்கள்

இரண்டு ஓம். ஒரு ஒண்டும் சொல்லேல்லை. கொலைக் கதைகளில் இதைவிடப் பெரிதாக ஏதாவது செய்து பிடிபடுவார்கள்.

ஜூலை 20, ஞாயிறு

அக்கா இந்த வாரம் ஒரு நாளும் எடுக்கவில்லை. பெரியம்மா போனைச் சார்ஜில் போடுகிறார், எடுக்கிறார், போடுகிறார்.

ஜூலை 23, புதன்

அக்கா வந்தாள். மெல்பேர்னில் வேலை கிடைத்திருக்கிறதாம், ஒரு பதிப்பகத்தில். ஓகஸ்ட் பத்தாம் தேதி போகிறாள்.

பெரியம்மா கரண்டியை வைக்காமலே கேட்டார்: "அங்க இஞ்சையை விடக் குளிரெல்லோ. கோட் இருக்கோ?"

"இருக்கு அம்மா."

"சாப்பிட்டியா?"

"ஓம் அம்மா."

முடிந்தது. நான் இருவருக்கும் தேநீர் வைத்தேன். இரண்டும் ஆறிப்போனது.

போகும்போது வாசலில் தன் கறுப்புக் கோட்டைக் கழற்றி என்னிடம் தந்தாள். "இதில ஒரு பொத்தான் கழண்டிட்டுது. போறதுக்கு முதல் தைச்சுத் தருவியா, மிருணா?" பிறகு சப்பாத்தைப் போட்டுக்கொண்டே, என்னைப் பார்க்காமல்: "அந்த சாப்டரை அவவுக்காக மட்டும்தான் எழுதினனான். ஒரு வருசம். கேட்டுட்டும் ஒண்டும் சொல்லேல்லை எண்டால் நான் பக்கத்தில இருந்து என்ன செய்ய? இட்ஸ் ஃபைன்."

கோட்டு இன்னும் அவள் சூட்டோடு இருந்தது.

ஜூலை 24, வியாழன்

போகட்டும். மெல்பேர்ன் நல்ல தூரம். இனிப் பெரியம்மாவுக்கு நான்தான்.

மத்தியானம் வரைக்கும் சந்தோசமாக இருந்தேன்.

ஜூலை 27, ஞாயிறு

கதை முடிந்தது. கொலைகாரன் டொக்டர் இல்லை, விடுதிக்காரி. பெரியப்பா ஒத்துக்கொள்ளவில்லை: "அந்த டொக்டரை இன்னும் வடிவா விசாரிச்சிருக்க வேணும்."

அவர் குளிக்கப் போனதும் பெரியம்மா பயற்றங்காய் முறித்துக்கொண்டே மெதுவாகக் கேட்டார்.

"மிருணா, நீ இங்கிலீசில முழுசா வாசிச்சனிதானே?"

"ஓம் பெரியம்மா." இன்னொரு ஓம்.

"அதில என்னைப் பற்றி அவள் ஒண்டும் எழுதேல்லை, என்ன?"

நானும் ஒரு பயற்றங்காயை எடுத்தேன்.

"கதை எழுதுறாக்கள் எங்கையாவது ஒரு மூலையில வீட்டாக்களை வைப்பினமாம். கோயிலில பரிமளம் சொன்னவ. நான் எட்டு ஞாயிறும் பாத்துக்கொண்டிருந்தனான். ஒரு கிழவி வந்தாலும் காது குடுத்துக் கேட்டனான்." சிரித்தார். "கோபம்தான் போல. இருக்கட்டும். நான் அப்ப கதைக்காமல் விட்டது பிழைதானே."

பயற்றங்காய் முழுவதையும் நானே முறித்து முடித்தேன். என்ன செய்து வைச்சிருக்கிறன் நான்? ஐயோ, என்ன செய்து வைச்சிருக்கிறன்?

ஜூலை 29, செவ்வாய்

விஜயா அன்ரியிடம் லீவு கேட்டேன். சாமி அலுமாரியைத் திறந்து புத்தகத்தை எடுத்தேன்; அட்டையில் விபூதி. பதினோராம் அத்தியாயம், முழுவதும், அகராதியோடு. காலையில் தொடங்கிப் பின்னேரமாயிற்று.

நான் நிறுத்திய இடத்திலிருந்து மூன்றாவது பக்கத்தில், ஐரீன் போட்டிருக்கும் கோட்டில் ஒரு பொத்தான் தொங்குவதைத் தாய் காண்கிறாள். ஒன்றும் சொல்லாமல் கோட்டை வாங்குகிறாள். பொத்தானுக்கு அடியில் நூலை மூன்று தரம் சுற்றி, பல்லால் கடித்து அறுத்து, முடிச்சைப் பெருவிரல் நகத்தால் அழுத்துகிறாள். திருப்பிக் கொடுப்பதற்கு முன்னால் மற்றப் பொத்தான்களையும் ஒவ்வொன்றாக இழுத்துப் பார்க்கிறாள், ஒன்றையும் நம்பாதவள்போல.

அந்த வரியை மூன்று முறை வாசித்தேன். நகத்தால் அழுத்துவது யார்? இழுத்துப் பார்ப்பது யார்? பெரியம்மாவுக்கு ஊசியில் நூல் கோர்க்கவே கண் தெரியாது.

அக்கா எப்போது பார்த்தாள்? அவளுடைய பாவாடைகளுக்கு நான் குசினி மேசையில் கொக்கி தைத்த நாட்களில் அவள் எதிரே லப்டொப்போடு இருப்பாள். தலை நிமிராமல் இருப்பாள் என்று நினைத்தேன்.

அந்தக் கதைக்குள் நுழைய நான் ஒரு பெட்டையை உண்டாக்கினேன். நான் இருந்த இடத்தை வெட்டிவிட்டு.

ஜூலை 30, புதன்

முரளிதரன் அங்கிளுக்குப் போன் எடுத்தேன். மூன்று முறை வைத்துவிட்டு நாலாவது முறை பேசினேன்: ஐரீனின் தாய் வரும் ஒரு அத்தியாயம் விட்டுப்போயிற்று, அதை வாசிக்க வேண்டும்.

"என்ன பிள்ளை, கொலைகாரியைப் பிடிச்சு உள்ளுக்குப் போட்டாச்சு. இனி என்ன தாய்? தொடர்கதை எண்டால் ரயில் கோச்சி மாதிரி. போனாப் பிறகு பின்னால ஓடிப்போய்ப் பெட்டி கொளுவேலாது."

"பிழை என்ரை அங்கிள். நான்தான் விட்டனான். அந்தத் தோய்க்கிற பெட்டையும் புத்தகத்தில இல்லை. நான் சேர்த்தது."

அவர் கொஞ்ச நேரம் இருமினார். "அடி சக்கை! கனபேர் அவளைப் பற்றித்தான் போன் எடுக்கினம்." பிறகு குரல் இறுகியது. "சரி. வாற ஞாயிறு பதினைஞ்சு நிமிசம் தாறன். ஆனால் நான் வாசிக்கமாட்டன். உன்ரை வாயால நீயே வந்து சொல்லு."

என் வாயால்!

ஜூலை 31, வியாழன்

வேலை முடிந்ததும் பரமட்டாவுக்குப் போனேன். அக்காவின் பிளாட் முழுக்கப் பெட்டிகள். கொப்பிகளை மேசையில் வைத்துவிட்டுச் சொன்னேன். எல்லாம். நின்றுகொண்டே.

"ஏன்?" என்றாள்.

பதில் ஒன்று தயார் பண்ணிக்கொண்டு போயிருந்தேன். வேறு ஒன்று வந்தது. "உங்களுக்கு அம்மா இருக்கிறா."

அவள் முகம் சிவந்தது. "நான் ரெண்டரைக் கிழமையா நித்திரை இல்லாமல் இருந்தனான், மிருணா. அவ என்னை மன்னிக்கேல்லை எண்டு நினைச்சு. ஜொப்புக்கு ஓம் எண்டு சொன்னதே அதாலதான். டூ யூ அண்டர்ஸ்டாண்ட் தாட்?"

விளங்கியது.

"வீட்டை போ."

வந்துவிட்டேன்.

ஓகஸ்ட் 2, சனி

அக்காவிடமிருந்து ஒன்றும் இல்லை. பதினோராம் அத்தியாயத்தை மூன்றாவது முறை படியெடுத்தேன், ஒரு வரியும் சுருக்காமல். சத்தமாக வாசித்துப் பார்த்தேன், குளியலறையில். என் குரல் எனக்கே யாரோபோல.

ஓகஸ்ட் 3, ஞாயிறு

வாசித்தேன்.

வானொலி அறை ஒரு பல்வைத்தியசாலைக்கு மேலே இருக்கிறது. முதலில் சொன்னேன்: "இந்த அத்தியாயத்தை மறைத்தது நான். சலவைக் கடைப் பெண்ணைச் சேர்த்ததும் நான். தாட்சாயினி அக்காவுக்குத் தெரியாது. தமிழில் எழுதியது மிருணாளினி." காதெல்லாம் சுட்டது. பிறகு ஐரீன் தாயிடம் சொல்வது வந்தது: "உங்களிடம் சொல்லாமல் போனேன், அம்மா. ஆனால் எங்கே போனாலும், நீங்கள் என்னிடம் கேட்காத கேள்விக்கு மனதுக்குள் பதில் சொல்லிக்கொண்டேதான் இருந்தேன்." அந்த இடத்தில் என் குரல் உடைந்தது. அங்கிள் ஒரு கிளாஸ் தண்ணீரை என் பக்கம் தள்ளினார்.

வீட்டுக்கு வந்தபோது பெரியம்மா குசினியில் அதே கதிரையில் இருந்தார். ரேடியோவில் யாரோ சமையல் எண்ணெய் விற்றுக்கொண்டிருந்தார்கள். திட்டுவார் என்று நின்றேன்.

"கள்ளி" என்றார். அவ்வளவுதான் திட்டு. ரேடியோவை நிறுத்திவிட்டு: "அந்தத் தாய் நான்தான், தெரியுது. ஆனால் நான் எப்ப பொத்தான் தைச்சனான்? வாய் என்ரை. கை உன்ரை."

பிறகு போனை எடுத்துக்கொண்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார். நாற்பது நிமிடம். "சாப்பிட்டியா" என்று ஒரு முறைகூடக் கேட்கவில்லை. எனக்கு மறுபடி எரிந்தது. அது போகாது போல. கதவுக்கு வெளியே நின்றுவிட்டு நான் சோற்றுக்கு உலை வைத்தேன்.

ஓகஸ்ட் 5, செவ்வாய்

அக்காவிடமிருந்து ஒரு வரி: "இன்னும் கோபம்தான். அந்தப் பெட்டைக்குப் பேர் என்ன?"

வைக்கவில்லை என்று எழுதினேன்.

"வை" என்று வந்தது.

ஓகஸ்ட் 9, சனி

மெல்பேர்ன் வேலை மாறவில்லை. நாளைக் காலை போகிறாள். நாங்கள் மூவரும் விமான நிலையத்துக்குப் போகிறோம்; பெரியப்பா இன்றே காரைக் கழுவிவிட்டார்.

அக்காவின் கறுப்புக் கோட்டை எடுத்துக்கொண்டு தைக்க உட்கார்ந்தேன். பெரியம்மா வந்து கையை நீட்டினார். "கொண்டா இஞ்ச."

"கண் தெரியாது பெரியம்மா."

"நூலை மட்டும் கோர்த்துத் தா."

கோர்த்துக் கொடுத்தேன். ஜன்னல் வெளிச்சத்துக்குக் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு அரை மணி நேரம் தைத்தார். இரண்டு முறை விரலில் குத்திக்கொண்டார். அடியில் எத்தனை தரம் சுற்றினார் என்று தெரியவில்லை, பொத்தான் கொஞ்சம் சரிந்து நிற்கிறது. பல்லால் கடித்து அறுத்துவிட்டுக் கோட்டை என்னிடம் தந்தார், அக்காவுக்குக் கொண்டுபோகும் பையில் வைக்கச் சொல்லி.

மடித்து வைத்தேன். இழுத்துப் பார்க்கவில்லை.